புது சர்வர் வாங்குவதற்கு முன்: வணிகக் கணினி கேள்வி – பதில்

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் போட்ட பில்லிங் மென்பொருள் தொடக்கத்தில் நன்றாகவே ஓடியது. இப்போது மாதக் கடைசியில் வாடிக்கையாளர் பாக்கிப் பட்டியல் எடுக்க ஏழெட்டு நிமிடம் ஆகிறது. அந்த நேரத்தில் பில் போடுபவர்களின் திரையும் நின்றுவிடுகிறது. மென்பொருள் கொடுத்த நிறுவனம் புது சர்வர் வாங்கச் சொல்கிறது. வாங்கலாமா?
– கணக்குப் பிரிவு மேலாளர், ஈரோடு

பதில்: அந்த ஏழெட்டு நிமிடமும் எதில் கழிகிறது என்று முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். செயலி (பிராசஸர்) ஓயாமல் கணக்குப் போடுகிறதா, வட்டிலிருந்து தரவு வந்து சேரக் காத்திருக்கிறதா, வேறொருவர் பூட்டி வைத்திருக்கும் பதிவு விடுபடக் காத்திருக்கிறதா, இல்லை சர்வருக்கும் உங்கள் கணினிக்கும் இடையே போய்வருவதிலேயே நேரம் போகிறதா? இந்த நான்கில் எது என்று தெரிந்துகொள்ள விலைகொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸிலேயே இருக்கும் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரைப் பட்டியல் ஓடும்போது திறந்து வைத்திருந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். எட்டு நிமிடத்தில் ஒரு நிமிடம் மட்டுமே செயலியின் வேலை என்றால், இரு மடங்கு வேகமான செயலி மிச்சப்படுத்தித் தருவது அரை நிமிடம்தான். ஐபிஎம்மில் பணியாற்றிய ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த இந்த வாதம் சர்வர் விற்பவர்களின் விலைப்புள்ளியில் இடம்பெறுவதில்லை.

அதோடு, உங்கள் மென்பொருள் எந்தத் தரவுத்தளத்தின் மேல் ஓடுகிறது என்பதையும் விசாரியுங்கள். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மென்பொருள்கள் பல, மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸைத்தான் நம்பியிருக்கின்றன. 2016 முதல் 2022 வரை வந்த எக்ஸ்பிரஸ் பதிப்புகளில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபியைத் தாண்ட முடியாது; தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ள அது ஏறத்தாழ 1.4 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. செயலியின் நான்கு கோர்களுக்கு மேல் தொடாது. நீங்கள் 64 ஜிபி நினைவகமும் 16 கோர்களும் உள்ள சர்வரை இறக்கி வைத்தாலும் அதில் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும்.

உங்கள் கடிதத்திலேயே இரண்டு தடயங்கள் உள்ளன. ஆண்டுக்கு ஆண்டு மெதுவாகிக்கொண்டே வருகிறது என்பது முதல் தடயம். இந்த மாதத்து விவரத்தைக் கேட்டாலும் ஐந்தாண்டு பில்களையும் ஒன்று விடாமல் படித்துப் பார்க்கிற குவெரிதான் (தரவுத்தளத்திடம் மென்பொருள் கேட்கும் கேள்வி) இப்படி நடந்துகொள்ளும். இதைத் தவிர்க்கத்தான் இண்டெக்ஸ், புத்தகத்தின் கடைசியில் இருக்கும் பொருளடைவு போல. போயிங் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும் 1970 வாக்கில் வடிவமைத்த பி-ட்ரீ என்னும் அமைப்பில்தான் இன்றைய தரவுத்தள இண்டெக்ஸ்களில் பெரும்பாலானவை இயங்குகின்றன. இருபது லட்சம் பதிவுகளில் ஒன்றைத் தேட அதில் மூன்று அல்லது நான்கு படிகள் இறங்கினால் போதும். ஆனால் இண்டெக்ஸ் இருந்தும் அதைப் பயன்படுத்த விடாமல் குவெரியை எழுதிவிட முடியும். ‘பில் தேதியின் ஆண்டு 2025 ஆகவும் மாதம் 10 ஆகவும் இருப்பவை’ என்று கேட்டால், தரவுத்தளம் ஒவ்வொரு பில்லின் தேதியையும் எடுத்து, அதிலிருந்து ஆண்டையும் மாதத்தையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். தேதிக்கு இண்டெக்ஸ் போட்டிருந்தும் பயனில்லை. அதையே ‘பில் தேதி 1-10-2025 அன்றோ அதற்குப் பின்னரோ, 1-11-2025-க்கு முன்’ என்று மாற்றி எழுதினால் இண்டெக்ஸில் நேராக அக்டோபருக்குப் போய், நவம்பர் தொடங்கும் இடத்தில் நின்றுவிடலாம். கேட்பது இரண்டிலும் ஒன்றுதான் என்றாலும் நிமிடக் கணக்கு நொடிக் கணக்காக மாறுவது இங்கேதான்.

இன்னொரு வழக்கமான கோளாறு, வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாக்கியைக் கேட்பது. 4,000 வாடிக்கையாளர்கள் என்றால் 4,000 குவெரிகள். அலுவலகத்துக்குள் ஒரு முறை போய்வர ஒரு மில்லிநொடி என்றால் மொத்தம் 4 நொடி, யாரும் கவனிக்கமாட்டார்கள். கிளையிலிருந்து விபிஎன் (இணையம் வழியான தனி இணைப்பு) வழியாக ஒரு முறை போய்வர 40 மில்லிநொடி என்றால் அதே பட்டியல் 160 நொடி எடுக்கும். மென்பொருளை எழுதியவரின் மேசையில் வேகமாக ஓடியது உங்கள் கிளையில் ஊர்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். எல்லோருடைய பாக்கியையும் ஒரே குவெரியில் கூட்டிக் கேட்பதுதான் தீர்வு; அதற்கு எந்தச் சர்வரும் வேண்டாம்.

பட்டியல் ஓடும்போது மற்றவர்களின் திரை நிற்பது இரண்டாவது தடயம். இது பூட்டுப் பிரச்சினையின் அடையாளம். எஸ்க்யூஎல் சர்வரை அப்படியே நிறுவினால், படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பார், எழுதுபவர் படிப்பவரைத் தடுப்பார். ‘ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட்’ என்ற அமைப்பை இயக்கிவிட்டால், படிப்பவருக்குப் பதிவின் முந்தைய நிலை காட்டப்படும், தடை இராது. ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் என்ற பிற தரவுத்தள மென்பொருள்கள் இயல்பாகவே இப்படித்தான் நடந்துகொள்கின்றன. சில நிரலாளர்கள் இதற்குக் குறுக்குவழியாகக் குவெரியில் ‘நோலாக்’ என்று சேர்த்துவிடுவார்கள். அப்போது இன்னும் முடிவாகாத, பிறகு ரத்தாகப்போகிற பில்லின் தொகையும் பட்டியலில் சேர்ந்துவிடக்கூடும். கூட்ட நெரிசலை மேலோட்டமாகக் காட்டும் திரைக்கு அது போதுமானதாக இருக்கலாம். பாக்கிப் பட்டியலுக்குக் கூடாது, அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நீங்கள் பணம் கேட்கப் போகிறீர்கள்.

இவற்றை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஐந்து மாற்றங்களைச் செய்துவிட்டால் எது பலன் தந்தது, எது இன்னொன்றைக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கண்டபடி இண்டெக்ஸ் சேர்த்துவிடவும் விடாதீர்கள். ஒவ்வொரு பில்லைச் சேமிக்கும்போதும் அத்தனை இண்டெக்ஸ்களையும் திருத்த வேண்டியிருப்பதால், பட்டியல் வேகமாகி பில்லிங் மெதுவாகிவிடும். இவ்வளவுக்குப் பிறகும் வட்டுக்காகக் காத்திருப்பதே பெரும் பங்கு என்று அளவீடு காட்டினால், அப்போது நினைவகத்துக்கும் எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டுக்கும் தாராளமாகச் செலவு செய்யலாம்.

கேள்வி: எங்கள் பல்பொருள் அங்காடிகளில் ஒரு பில் சேமிக்க சராசரியாக 2 நொடிதான் ஆகிறது என்று மென்பொருள் நிறுவனம் அறிக்கை கொடுத்திருக்கிறது. ஆனால் மாலை நேரத்தில் சிஸ்டம் தொங்குகிறது என்று கவுன்டரில் இருப்பவர்கள் தினமும் புலம்புகிறார்கள். யாரை நம்புவது?
– கிளைகளின் நிர்வாகி, மதுரை

பதில்: இருவரையும் நம்பலாம். 100 பில்களில் 95 பில்கள் ஒரு நொடியிலும் மீதி 5 பில்கள் 21 நொடியிலும் முடிந்தால், சராசரி சரியாக 2 நொடிதான் வரும். அறிக்கை எழுதியவர் 2 நொடியைப் பார்க்கிறார்; வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர் 21 நொடியைப் பார்க்கிறார். ஆகவே சராசரியை விட்டுவிட்டு, ‘100-க்கு 95 பில்கள் எத்தனை நொடிக்குள் முடிந்தன, 99 பில்கள் எத்தனை நொடிக்குள் முடிந்தன’ என்று கேளுங்கள். அதையும் நாள் முழுவதற்கும் சேர்த்துக் கேட்காமல், மாலை 6 முதல் 9 வரை தனியாகக் கேளுங்கள். காலை 11 மணியின் காலியான கவுன்டர்கள் உங்கள் மாலை நேரத்து அவதியை எண்ணிக்கையில் கரைத்துவிடும்.

‘500 பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்படி லோடு டெஸ்ட் (சுமைச் சோதனை) செய்துவிட்டோம்’ என்று அவர்கள் சொல்லக்கூடும். அந்த எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டிய எண்ணிக்கையைக் கணக்கிட 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த எளிய விதி போதும்: நொடிக்கு எத்தனை பில் வருகிறது என்பதை ஒரு பில் எத்தனை நொடி திறந்திருக்கிறது என்பதால் பெருக்கினால், ஒரே நேரத்தில் திறந்திருக்கும் பில்களின் எண்ணிக்கை கிடைக்கும். மணிக்கு 1,800 பில்கள், ஒவ்வொன்றும் 40 நொடி என்றால், நொடிக்கு அரை பில் வீதம் 20 பில்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அது மூன்று மடங்கானால் 60. இந்த 60-ஐ உண்மையான சரக்குப் பட்டியலோடும், ஐந்தாண்டுப் பழைய பில்கள் நிறைந்த தரவுத்தளத்தோடும் சோதித்திருக்கிறார்களா என்பதே கேள்வி. 500 பேரும் ஒரே பொருளின் பார்கோடைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருந்தால், அந்தப் பொருளின் விவரம் முதல் முறையிலேயே நினைவகத்துக்கு வந்துவிட்டிருக்கும். வட்டைத் தொடாத சோதனை வேகமாகத்தானே இருக்கும்!

இன்னொரு நுட்பமான பிழையும் உண்டு. சோதனைக் கருவி முந்தைய கோரிக்கைக்குப் பதில் வரும்வரை அடுத்ததை அனுப்பாமல் காத்திருக்கும்படி அமைத்திருந்தால், சர்வர் ஒரு நிமிடம் உறைந்துபோன நேரத்தில் வந்திருக்க வேண்டிய பில்கள் கணக்கிலேயே சேராது. ஒரே ஒரு மெதுவான பில் பதிவாகும், அவ்வளவுதான். கடையில் வரிசை அப்படிக் காத்திருக்காது, நீண்டுகொண்டே போகும். ஜேமீட்டர் போன்ற கருவிகளில் நிலையான வருகை வீதத்தை அமைக்க வழியிருக்கிறது. அதைப் பயன்படுத்தினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: 22-9-2025 அன்று ஜிஎஸ்டி விகிதம் மாறிய பிறகு, பழைய பில்லுக்குத் திரும்பி வந்த ஆடைகளுக்கு எங்கள் மென்பொருள் புது விகிதத்தில் கிரெடிட் நோட் (வரவுக் குறிப்பு) போட்டுவிட்டது. ஆடிட்டர் கண்டுபிடித்துத் திருத்தினார். மறுபடி விகிதம் மாறினால் எதையெல்லாம் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்?
– ஆயத்த ஆடை வணிகர், திருப்பூர்

பதில்: உங்கள் மென்பொருளில் வரி விகிதம் சரக்கு மாஸ்டரில் (பொருள்களின் மூலப் பட்டியலில்) ஒரே ஒரு எண்ணாக வைக்கப்பட்டிருக்கிறது என்று ஊகிக்கிறேன். விகிதம் மாறிய அன்று அந்த எண்ணை மாற்றியிருப்பார்கள். அதன் பின் போடும் எதுவும் புது எண்ணையே எடுக்கும். சரியான அமைப்பில் விகிதத்தோடு அது எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்பதும் இருக்கும். கிரெடிட் நோட் மாஸ்டர் பக்கமே போகாமல், திரும்பி வந்த சரக்குக்கு மூல பில்லில் பதிவான விகிதத்தையே எடுத்துக்கொள்ளும். ஆகவே முதல் சோதனை: 21-ஆம் தேதி போட்ட பில்லுக்கு 25-ஆம் தேதி கிரெடிட் நோட் போட்டால் பழைய விகிதம் வருகிறதா? இதை ஒரு பில்லின் மொத்தச் சரக்கும் திரும்பும்போதும், பத்தில் மூன்று மட்டும் திரும்பும்போதும் பார்க்க வேண்டும்.

ஆடைக்கு இந்த மாற்றம் இரட்டைச் சிக்கலானது, ஏனென்றால் விகிதத்தோடு விலை வரம்பும் மாறியது. முன்பு ஓர் உருப்படி 1,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் 5 விழுக்காடு, தாண்டினால் 12. இப்போது 2,500 ரூபாயைத் தாண்டாவிட்டால் 5, தாண்டினால் 18. டெஸ்டர்கள் எல்லைச் சோதனை என்று சொல்வது இப்படிப்பட்ட இடத்துக்காகவே ஏற்பட்டது. 1,700 ரூபாய்ச் சட்டையை நூறு முறை பில் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. 2,500 ரூபாய்க்கு 5 விழுக்காடும் 2,500 ரூபாய் 1 காசுக்கு 18 விழுக்காடும் வருகிறதா என்று பாருங்கள். ‘தாண்டாத’ என்பதை நிரலாளர் ‘குறைவான’ என்று எழுதியிருந்தால் சரியாக 2,500 ரூபாயில் மட்டும் தவறு தெரியும், வேறெங்கும் தெரியாது. அதன்பின் தள்ளுபடி. 2,600 ரூபாய்ச் சட்டைக்கு 5 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் விற்பனை மதிப்பு 2,470 ரூபாய்; வரி 5 விழுக்காடாக இறங்க வேண்டும். தள்ளுபடியை ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகக் கொடுத்தால் பெரும்பாலான மென்பொருள்கள் இதைச் சரியாகச் செய்துவிடும். பில்லின் அடியில் மொத்தமாக ‘பண்டிகைத் தள்ளுபடி’ என்று கொடுத்தால், பொருள்களுக்குப் பகிர்ந்த பிறகு விகிதத்தைத் திரும்பவும் பார்க்கிறதா என்பதில்தான் பல மென்பொருள்கள் சறுக்குகின்றன.

மாற்றத் தேதிக்கு இருபுறமும் நிற்கும் பரிவர்த்தனைகளுக்கு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 14-ஆம் பிரிவு விதி வகுத்திருக்கிறது. சரக்கு வழங்கியது, பில் போட்டது, பணம் வந்தது ஆகிய மூன்றில் இரண்டு மாற்றத்துக்கு முன் நடந்திருந்தால் பழைய விகிதம், இரண்டு பின்னர் நடந்திருந்தால் புது விகிதம் என்பது அதன் சாரம். மூன்று நிகழ்வுகள், ஒவ்வொன்றும் முன் அல்லது பின் என்றால் மொத்தம் எட்டுச் சேர்க்கைகள். ஒரு தாளில் எட்டு வரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய விகிதத்தை ஆடிட்டரிடம் கேட்டு நிரப்பி, மென்பொருள் தருவதைப் பக்கத்தில் எழுதுங்கள். வர வேண்டிய விடையை முன்கூட்டியே எழுதாமல் திரையைப் பார்த்து ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று தலையாட்டுவதை நான் சோதனையாகக் கருதுவதில்லை.

காசுகளையும் விட்டுவிடாதீர்கள். தலா 33.30 ரூபாய் மதிப்புள்ள மூன்று பொருள்களுக்குத் தனித்தனியே 2.5 விழுக்காடு மாநில வரி கணக்கிட்டுச் சுருக்கினால் 83 காசு வீதம் 2.49 ரூபாய், மொத்தம் 99.90 ரூபாய்க்குக் கணக்கிட்டால் 2.50 ரூபாய். இரண்டில் எதை எடுப்பது என்பதை மென்பொருள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி செய்தால் போதும். பில்லில் ஒன்றும் ஜிஎஸ்டி ரிட்டர்னில் வேறொன்றும் வந்தால் மாதக் கடைசியில் தேடிச் சலிக்க வேண்டியிருக்கும். சுருக்கும்போது காசை வெட்டிவிடுவதா, அருகிலுள்ள எண்ணுக்கு முழுமையாக்குவதா என்பதும் சிறிய விஷயமன்று. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தைக் குறியீடு 1982 ஜனவரியில் 1,000 புள்ளியில் தொடங்கியது. ஒவ்வொரு கணக்கீட்டிலும் மூன்றாம் தசம இடத்துக்குப் பின் வெட்டிக்கொண்டே வந்ததால் 1983 நவம்பரில் அது 524.811 என்று காட்டியது. திருத்திக் கணக்கிட்டபோது வந்தது 1,098.892.

கேள்வி: பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்திருக்கிறேன். மேனுவல் டெஸ்டிங்கிற்கு இனி எதிர்காலம் இல்லை, செலினியம் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியைக் கற்றுக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது மட்டும் போதுமா?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: செலினியம் 2004 முதல் இருந்துவருகிறது, கற்றுக்கொள்வது நல்லதுதான். ஆனால் அது நீங்கள் சொன்ன பொத்தான்களைச் சலிக்காமல் அழுத்தும், நீங்கள் சொன்ன விடையோடு ஒப்பிடும். விடை எதுவாக இருக்க வேண்டும் என்பதை அது அறியாது. மேலே உள்ள திருப்பூர் வணிகரின் கேள்வியை ஒருமுறை படியுங்கள். அந்த எட்டு வரிகளைத் தாளில் எழுதத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும். எழுதிக் கொடுத்ததைக் கருவியில் ஏற்ற மட்டும் தெரிந்தவருக்குப் போட்டி அதிகம், இப்போது அந்தப் போட்டியில் இயந்திரமும் சேர்ந்துகொண்டது. எஸ்க்யூஎல்லை ஆழமாகப் படியுங்கள். திரையில் தெரிவதை நம்பாமல் தரவுத்தளத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதோடு பற்று வரவு, சரக்கிருப்பு, வரி ஆகியவற்றில் பி.காம். முதலாண்டுப் பாட அளவுக்காவது பழகிக்கொள்ளுங்கள். வணிக மென்பொருளைச் சோதிக்க வரும் பலருக்கு இல்லாத தகுதி அதுதான்.

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் தமிழில் இருக்கிறது. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். திரையில் பெயர் சரியாகத் தெரிகிறது, ஆனால் அதே பெயரைத் தட்டச்சு செய்து தேடினால் சில சமயம் ‘இல்லை’ என்று வருகிறது. ஒருவருக்கே இரண்டு கணக்கு தொடங்கிவிட்ட கதையும் நடந்தது.
– சங்கச் செயலாளர், தஞ்சாவூர்

பதில்: கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறாக இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தைக் ககரத்துக்குப் பின் ஒரே ஒகரக் குறியாகவும் பதியலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். யூனிகோடு இரண்டையும் சமமாகவே கருதுகிறது, ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் அப்படிக் கருதாது. மாற்றிக் கொடுத்த நிரல் ஒரு முறையிலும் உங்கள் விசைப்பலகை மறுமுறையிலும் எழுதினால் கொளஞ்சியப்பன் கிடைக்கமாட்டார். சேமிக்கும்போதும் தேடும்போதும் பெயரை என்எஃப்சி என்ற சீரான வடிவுக்கு மாற்றச் சொன்னால் இந்தப் பகுதி தீர்ந்துவிடும்.

அதனால் தீராதவையும் உண்டு. ஔகாரக் குறிக்குப் பதில் ளகரத்தைத் தட்டிய ‘கெளசல்யா’வும் சரியாக எழுதிய ‘கௌசல்யா’வும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே, யூனிகோடுக்கு அவை வெவ்வேறு சொற்கள். ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்தில் தொடங்கி எழுதுவதும் உண்டு, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ என்ற எழுத்தில் தொடங்கி எழுதுவதும் உண்டு. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போது, கண்ணுக்குத் தெரியாத இணைப்பு விலக்கிக் குறிகளும் பெயருக்கு நடுவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். இவற்றுக்குத் தேடலுக்கென்று தனியாக ஒரு புலம் வைத்து, அதில் மட்டும் எல்லாவற்றையும் ஒரே வடிவாக்கிச் சேமிக்க வேண்டும்; உறுப்பினர் எழுதிக் கொடுத்த பெயர் மூலப் புலத்தில் அப்படியே இருக்கட்டும்.

புலத்தின் நீளத்தையும் பாருங்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். ‘சிவசுப்பிரமணியன்’ நமக்குப் பத்து எழுத்து. கணினிக்குப் பதினாறு குறிகள், 48 பைட். ஆங்கிலப் பெயரை மனத்தில் வைத்து 30 பைட் ஒதுக்கிய புலத்தில் ‘சிவசுப்பிர’ வரைதான் இடமிருக்கும். சில அமைப்புகள் பிழை காட்டி நிறுத்திவிடும்; சில, சத்தமின்றி வெட்டிவிட்டு மேலே போகும். பின்னதுதான் ஆபத்து. ஆகவே சோதனைக்கு ‘ராமு’, ‘சோமு’ என்று பெயர் கொடுத்துத் திருப்தியடையாமல், உங்கள் பதிவேட்டிலேயே நீளமான ஐம்பது பெயர்களையும், ஒகர ஓகார ஔகாரம் வரும் பெயர்களையும், முன்னெழுத்து முன்னால் உள்ளவை, பின்னால் உள்ளவை, புள்ளி இல்லாதவை ஆகியவற்றையும் எடுத்துக் கொடுங்கள். அந்தப் பட்டியலை மென்பொருள் நிறுவனத்தால் கற்பனையில் தயாரிக்க முடியாது.

கேள்வி: பம்ப் உற்பத்தி செய்கிறோம். தொழிற்சாலையிலும் மூன்று கிளைகளிலும் ஏப்ரல் 1 அன்று ஒரே நாளில் புது ஈஆர்பிக்கு (எல்லாப் பிரிவுகளையும் இணைக்கும் நிர்வாக மென்பொருள்) மாறத் திட்டம். ஒரு மாதம் யூசர் டெஸ்டிங் நடந்தது, எல்லாம் சரி என்று கையெழுத்தும் ஆகிவிட்டது. வேறென்ன பார்க்க வேண்டும்?
– செயல்பாட்டு மேலாளர், கோயம்புத்தூர்

பதில்: பிரிட்டனின் டிஎஸ்பி வங்கிக்கு 2018 ஏப்ரலில் நேர்ந்ததைச் சொல்கிறேன். சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரு வார இறுதியில் பழைய அமைப்பிலிருந்து புது அமைப்புக்கு மாற்றினார்கள். தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது. அமைப்பைத் திறந்துவிட்டதும் இணையச் சேவை, கிளைகள், தொலைபேசிச் சேவை எல்லாம் தடுமாறின. சிலருக்கு வேறொருவரின் கணக்கு விவரம் திரையில் தெரிந்தது. நிலைமை முழுமையாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது; 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. வங்கியின் இயக்குநர் குழு கேட்டுப் பெற்ற, 2019-இல் வெளியான விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியவற்றில் ஒன்று உங்களுக்கு நேராகப் பொருந்தும்: இரண்டு தரவு மையங்கள் சேர்ந்து இயங்க வேண்டிய அமைப்பில், சுமைச் சோதனையை ஒரு மையத்தில் மட்டும் செய்திருந்தார்கள். இரண்டும் ஒரே மாதிரியானவை என்று எடுத்துக்கொண்டார்கள். அவை ஒரே மாதிரி அமைக்கப்பட்டிருக்கவில்லை.

உங்கள் ஒரு மாதச் சோதனை எங்கே நடந்தது? தலைமை அலுவலகத்தில், பத்துப் பேர், ஐம்பது சரக்குகளோடு என்றால், நான்கு இடங்களிலிருந்தும் ஒரே நேரத்தில், முழுச் சரக்குப் பட்டியலோடு இன்னும் எதுவுமே சோதிக்கப்படவில்லை என்று பொருள். ஏப்ரலுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு ஒத்திகை நடத்துங்கள். பழைய அமைப்பின் தரவு முழுவதையும் மாற்றி, எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பாருங்கள். மாற்றிய பின் இருப்பாய்வு, சரக்கு மதிப்பு, நிலுவை பில்களின் எண்ணிக்கையும் தொகையும், முடியாத கொள்முதல் ஆணைகள் ஆகியவை காசு பிசகாமல் ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிடுங்கள். பிறகு நான்கு இடங்களிலும் உண்மையான ஊழியர்களை உட்காரவைத்து, முந்தைய மார்ச் மாதத்தில் ஆணைகள் அதிகமாக இருந்த ஒரு நாளின் பில்களை அப்படியே போடச் சொல்லுங்கள்.

திரும்பிப் போகும் வழியையும் ஒத்திகை பார்க்க வேண்டும். அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்ததற்குத் தொடக்கம், எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புது நிரலை ஏற்ற மறந்தது. அதில் கைவிடப்பட்ட பழைய நிரல் உயிர்பெற்றுவிட்டது. ஆனால் இழப்பைப் பெரிதாக்கியது அதன் பின் எடுத்த முடிவு. கோளாறு புது நிரலில் என்று நினைத்துச் சரியாக ஓடிய ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கிவிட்டார்கள். எட்டும் தவறாக ஓடத் தொடங்கின. பழைய அமைப்புக்குத் திரும்புவது யார் முடிவு, எந்த நாள் எந்த மணிக்குள், அதுவரை புது அமைப்பில் போட்ட பில்களை என்ன செய்வது என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இ-இன்வாய்ஸ் எண் பெற்றுவிட்ட பில்லை இல்லாததாக்க முடியாது என்பதால் இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை எளிதாக வராது.

ஏப்ரல் 1 என்ற நாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புது நிதியாண்டு என்பதால் கணக்காளருக்கு அது வசதி. ஆனால் மார்ச் விற்பனை இலக்கும் ஆண்டு இறுதிச் சரக்குக் கணக்கெடுப்பும் முடிந்து களைத்திருக்கும் அதே ஊழியர்கள்தான் மறுநாள் காலை புதுத் திரையின் முன் உட்காரப்போகிறார்கள். ஒரு கிளையை மட்டும் ஏப்ரலில் மாற்றி, தொழிற்சாலையை ஜூன் கடைசியில் மாற்றினால் கணக்கு வேலை கொஞ்சம் கூடும். என் ஓட்டு அதற்குத்தான். பழையதையும் புதியதையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சம்பளப் பட்டியலுக்கு அது சரிப்படும். பில்லிங்கிலும் ஸ்டோரிலும் ஒரே ஆளை எல்லாவற்றையும் இரண்டு முறை பதியச் சொன்னால் இரண்டுமே தப்பாகும்.

கேள்வி: சோதனை செய்து பார்க்க எங்கள் முழு பேக்கப்பையும் பென் டிரைவில் தரும்படி மென்பொருள் நிறுவனம் கேட்கிறது. தரலாமா?
– நிதி நிறுவன நிர்வாகி, சிவகாசி

பதில்: அப்படியே தராதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலையை வேறொரு நிறுவனம் செய்தாலும் பொறுப்பை உங்கள் மேல்தான் வைக்கிறது. பெயர், தொலைபேசி எண், பான், ஆதார் ஆகியவற்றை உங்கள் அலுவலகத்திலேயே மாற்றிவிட்டுப் பிரதி கொடுங்கள். மாற்றும்போது எல்லோரையும் ‘அஅஅ’ என்று ஆக்கிவிடக் கூடாது. பெயர்களின் நீளமும், ஒரே பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதும் அசலை ஒத்திருந்தால்தான் தேடலின் வேகத்தைச் சோதிக்க முடியும். பதிவுகளின் எண்ணிக்கையையும் குறைக்காதீர்கள். சோதனைச் சர்வரில் எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் இணைப்புகளைத் துண்டித்த பிறகே தரவை ஏற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் தவணை தவறியதாக ஒரு நினைவூட்டல் சோதனைச் சர்வரிலிருந்து உண்மையான வாடிக்கையாளருக்கே போய்விடும்.